வள்ளுவர் சிலை சூரியன் என்றால் சனி மார்த்தாண்டத்தில்

பள்ளிப் புத்தகத்தில் சூரியக் குடும்பத்தின் படம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இடது ஓரத்தில் மஞ்சளாகச் சூரியன், அதன் வலப்பக்கம் வரிசையாக எட்டுக் கோள்கள், சனிக்கு மட்டும் பளிச்சென்று ஒரு வளையம். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்க வேண்டியிருப்பதால் அப்படித்தான் வரைய முடியும். ஆனால் அந்தப் படத்தில் தூரம் காணாமல் போய்விடுகிறது. ஒரு கோள் பாறையாக இருப்பதும், வாயுக் கோளமாக இருப்பதும், பனிக்கட்டியால் ஆகியிருப்பதும் பெரும்பாலும் அது சூரியனிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிறந்தது என்பதைப் பொறுத்ததுதான். அந்தத் தூரம் மனதில் பதியாமல் கோள்களின் பெயர்களை ஒப்பித்துப் பெரிய பயன் இல்லை என்பது என் எண்ணம்.

அதனால் அந்தப் படத்தைக் குமரி மாவட்டத்தின் மேல் வரைந்து பார்ப்போம். கன்னியாகுமரிக் கடலில் நிற்கும் திருவள்ளுவர் சிலை பீடத்தோடு சேர்த்து 133 அடி, அதாவது சுமார் 40 மீட்டர். சூரியனை அதே 40 மீட்டர் குறுக்களவுள்ள பந்தாகச் சுருக்கி, சிலை இருக்கும் பாறையில் வைப்போம். உண்மையான சூரியனின் குறுக்களவு சுமார் 14 லட்சம் கி.மீ. ஆகவே நாம் எல்லாவற்றையும் ஏறத்தாழ 3.4 கோடி மடங்கு சுருக்குகிறோம். கோள்களின் பருமனுக்கும் அவற்றின் தூரத்துக்கும் இதே கணக்குதான். தூரத்தைச் சாலை வழியே அளக்காமல் நேர்க்கோட்டில் அளப்போம்.

சூரியனிலிருந்து 1.7 கி.மீ. தள்ளி, கன்னியாகுமரி ஊருக்குள்ளேயே, 14 செ.மீ. குறுக்களவில் புதன். 3.1 கி.மீ. தூரத்தில் 35 செ.மீ. அளவில் வெள்ளி. கொட்டாரம் வருவதற்குச் சற்று முன்னால், 4.4 கி.மீ. தூரத்தில், 37 செ.மீ. அளவில் நம் பூமி. அதிலிருந்து 11 மீட்டர் தள்ளி 10 செ.மீ. அளவில் நிலா. கொட்டாரத்தைத் தாண்டியதும் 6.6 கி.மீ. தூரத்தில் செவ்வாய் வருகிறது. அதன் குறுக்களவு 20 செ.மீ. மட்டுமே.

அப்புறம் நெடுந்தூரத்துக்குக் கோளே கிடையாது. சுசீந்திரத்தைச் சுற்றிச் சிறுகோள்கள் கிடக்கின்றன. அவற்றிலேயே பெரியதான சீரிஸ் நம் கணக்கில் 3 செ.மீ. கூட வராது. நாகர்கோவில் நகரம் முழுக்க வெறுமை. அதையும் கடந்து சுங்கான்கடை பக்கம், 22.7 கி.மீ. தூரத்தில்தான் வியாழன். அது 4 மீட்டர் அளவு. மார்த்தாண்டத்தை நெருங்கும்போது, ஏறக்குறைய 42 கி.மீ. தூரத்தில் சனி. இத்துடன் நம் மாவட்டம் முடிந்துவிடும். யுரேனஸ் 84 கி.மீ. தள்ளித் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நெப்டியூன் 131 கி.மீ.; வடக்கே போனால் அது கோவில்பட்டியைத் தாண்டிய இடம். புளூட்டோவின் சராசரித் தூரம் 172 கி.மீ. என்று வருகிறது. அது விருதுநகர்.

கோள்கள் ஒரே திசையில் வரிசையாக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் சிலையை நடுவில் வைத்துத் தன் தூரத்தில் வட்டமிடுகிறது. அந்த வட்டங்களில் பாதிக்கு மேல் கடலில்தான் போகும். நம் சின்னப் பூமி ஒரு நாளைக்கு 75 மீட்டர் வீதம் நகர்ந்து ஒரு வருடத்தில் ஒரு சுற்று முடிக்கும்.

இந்த அளவில் ஒளியின் வேகம் எவ்வளவு என்று கணக்கிட்டால் மணிக்கு 31 கி.மீ. வருகிறது. நெரிசலில் போகும் டவுன் பஸ்ஸின் வேகம். சிலையிலிருந்து கிளம்பும் ஒளி கொட்டாரத்துப் பூமிக்கு வர 8 நிமிடம் 20 விநாடி ஆகும். மார்த்தாண்டத்துச் சனிக்கு 80 நிமிடம். நெப்டியூனுக்கு நாலு மணி நேரத்துக்கும் மேல். பிரபஞ்சத்தில் இதைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்பதை இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரமான பிராக்சிமா செண்டாரி இதே கணக்கில் சுமார் 11.7 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கும். அதற்கு நம் ஊர்களும் நாடுகளும் போதாது. உண்மையான நிலாவின் தூரத்தைப் போல மூன்று மடங்கு அது.

சரி, ஏன் இப்படி அமைந்தது? உள்பக்கம் நாலு சின்னப் பாறைக் கோள்கள், வெளிப்பக்கம் நாலு பெரிய கோள்கள், நடுவில் உடைசல். இதற்குப் பின்னால் ஒரு காரணம் உண்டு.

சுமார் 457 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரிய வாயு மேகம் ஒன்றின் ஒரு பகுதி தன் ஈர்ப்பாலேயே உள்நோக்கிச் சரிந்தது. சரியச் சரிய அது வேகமாகச் சுழன்று தட்டையானது. நடுவில் சேர்ந்தது சூரியன் ஆயிற்று. இன்று சூரியக் குடும்பத்தின் மொத்த நிறையில் 99.8 சதவீதத்துக்கு மேல் சூரியனில் இருக்கிறது. மீதி இருந்த கொஞ்சம்தான் தட்டாகச் சுற்றி வந்தது, அதிலிருந்துதான் மற்ற எல்லாமே பிறந்தன. கோள்கள் எல்லாம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே தளத்தில் சுற்றுவது அந்தத் தட்டின் மிச்சம். வானத்திலும் அதைக் காணலாம். சூரியன், நிலா, கோள்கள் எல்லாமே மேஷம் முதல் மீனம் வரையான ராசிகளின் வழியாகத்தான் நகர்கின்றன. வடதுருவ நட்சத்திரத்தின் பக்கத்தில் செவ்வாயையோ சனியையோ யாரும் பார்த்திருக்க முடியாது.

அந்தத் தட்டில் சூரியனுக்கு அருகில் கடும் வெப்பம். அங்கே நீராவி உறையாது, வாயுவாகவே இருக்கும். இரும்பும் பாறைக்கான தாதுக்களும் மட்டுமே திடமாக நிற்கும். ஆனால் மேகத்தில் அவற்றின் பங்கு மிகக் குறைவு, நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. அதனால் உள்ளே பிறந்தவை சிறியவை, கனமானவை, பாறையால் ஆனவை. சூரியனிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் நீர் பனிக்கட்டியாக உறையும் அளவுக்குக் குளிர் வருகிறது. விஞ்ஞானிகள் இதைப் பனிக்கோடு என்கிறார்கள். கோள்கள் உருவான காலத்தில் இந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்கவில்லை, தட்டு குளிரக் குளிர இடம் மாறியது. ஆனாலும் அது இன்றைய சிறுகோள் பட்டையை ஒட்டி இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கிறார்கள். நம் படத்தில் அது சுசீந்திரம்.

சுசீந்திரத்துக்கு அப்பால் பாறையோடு பனிக்கட்டியும் சேர்ந்துகொண்டது. திடப்பொருள் பெருகியது. அங்கே வளர்ந்த கருக்கள் பூமியைப் போலப் பத்து மடங்கு கனத்தபோது, சுற்றியிருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் வாரி இழுத்துக்கொள்ளும் ஈர்ப்பு அவற்றுக்கு வந்துவிட்டது. வியாழன் அப்படித்தான் பெருத்தது. இன்று அது 318 பூமிகளின் நிறை கொண்டது. மற்ற ஏழு கோள்களையும் ஒன்றாகக் கூட்டினால் வருவதைப் போல இரண்டரை மடங்கு அது. இவ்வளவு பெரிய ஒன்று பக்கத்தில் இருந்ததால் சிறுகோள் பட்டையில் இருந்தவை ஒன்று சேர்ந்து கோளாக முடியவில்லை. வியாழனின் ஈர்ப்பு அவற்றைக் கலைத்தும் வெளியே எறிந்தும் விட்டது. மிஞ்சியிருப்பதை எல்லாம் கூட்டினால் நம் நிலாவின் நிறையில் நூறில் மூன்று பங்குதான். சினிமாவில் காட்டுவது மாதிரி அங்கே பாறைகள் நெருக்கியடித்துப் பறப்பதில்லை. விண்கலங்கள் எந்தச் சிரமமும் இல்லாமல் கடந்து போகின்றன. அந்தப் பட்டையில் ராமானுஜன் பெயரில் ஒரு சிறுகோள் இருக்கிறது. எண் 4130. அதை 1988இல் ஆர். ராஜமோகன் நம் காவலூர் வானாய்வகத்திலிருந்து கண்டுபிடித்தார்.

தூரம் மட்டுமே விதி என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்கு வெள்ளியே சாட்சி. அளவில் பூமியை ஒட்டியது, நம் படத்தில் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. ஆனால் அதன் காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. காற்றழுத்தம் இங்கே இருப்பதைப் போல 90 மடங்கு. தரையின் வெப்பம் 460 டிகிரி செல்சியஸைத் தாண்டும், ஈயம் உருகிவிடும். சூரியனுக்கு இன்னும் அருகில் இருக்கும் புதன் பகலில் 430 டிகிரி வரை கொதித்தாலும் இரவில் மைனஸ் 180க்கு இறங்கிவிடுகிறது. வெப்பத்தைப் பிடித்துவைக்க அதற்குக் காற்று இல்லை. வெள்ளியில் இரவானாலும் சூடு தணிவதில்லை. ஒரு கோளின் காற்று மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் சூரியக் குடும்பத்தில் வேறு எங்கும் இல்லை. செவ்வாயின் கதை நேர் எதிர். சிறியது, உள்சூடு சீக்கிரம் ஆறியது, காந்தப்புலம் போயிற்று, காற்றின் பெரும்பகுதியும் போயிற்று. ஆறு ஓடிய தடங்கள் மட்டும் அங்கே இன்னும் தெரிகின்றன.

வெளிக்கோள்களைவிட அவற்றின் நிலாக்கள்தான் என்னை அதிகம் இழுக்கின்றன. 1610 ஜனவரியில் கலிலியோ தன் தொலைநோக்கியில் வியாழனின் நாலு நிலாக்களைப் பார்த்தார். அவற்றில் கானிமீட், புதன் கோளைவிடப் பெரியது. அயோவில் எரிமலைகள் ஓயாமல் வெடிக்கின்றன. யூரோப்பாவின் பனித்தோலுக்கு அடியில் உப்புநீர்க் கடல் இருப்பதற்கு வலுவான அறிகுறிகள் உண்டு. அதை ஆராயவே 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் விண்கலம் கிளம்பியது, 2030இல் வியாழனைச் சென்றடையும். சனியின் நிலா டைட்டனில் மீத்தேன் மழை பெய்து ஏரிகளாகத் தேங்குகிறது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அதன் தரையில் இறங்கிப் படம் அனுப்பியது. என்செலடஸ் என்ற சிறு நிலா தன் தென்துருவத்து வெடிப்புகள் வழியாக நீரையும் பனித்தூளையும் விண்வெளியில் பீய்ச்சுகிறது. சூரியனிலிருந்து அவ்வளவு தூரத்தில், மார்த்தாண்டத்துக் குளிரில், திரவ நீர் எப்படி? தாய்க்கோளின் ஈர்ப்பு அந்த நிலாவை ஓயாமல் பிசைகிறது. அந்தப் பிசைதலே உள்ளே சூடாகிறது. ஆக, பனிக்கோட்டுக்கு வெளியே இருப்பதாலேயே உயிருக்கு இடமில்லை என்று ஒதுக்கிவிட முடியாது.

யுரேனஸ், நெப்டியூன் இரண்டையும் அருகில் போய்ப் பார்த்தது வாயேஜர் 2 விண்கலம் மட்டுமே, 1986இலும் 1989இலும். அதற்குப் பிறகு யாரும் போகவில்லை. அவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்தது குறைவு என்பதற்கு அதுவே காரணம். நெப்டியூனுக்கு அப்பால் பனிப்பொருள்களின் பெரும் வளையம் ஒன்று இருக்கிறது, கைப்பர் பட்டை என்று பெயர். புளூட்டோவும் அதில் ஒன்றுதான். 2005இல் ஏறக்குறைய அதே அளவுள்ள ஏரிஸ் தெரியவந்ததும், இப்படிக் கிடைக்கும் எல்லாவற்றையும் கோள் என்று அழைப்பதா என்ற கேள்வி எழுந்தது. 2006 ஆகஸ்ட் 24 அன்று சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் வகையில் சேர்த்தது. பலருக்கு இன்னும் அதில் வருத்தம். எனக்கு அந்த முடிவு சரியாகவே படுகிறது. புளூட்டோ கூட்டத்தில் ஒன்றாக இருப்பதால் அதன் பெருமை குறைந்துவிடாது. 2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அனுப்பிய படங்களில் அதன் பனிமலைகளையும் நைட்ரஜன் பனிவெளியையும் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

1977இல் கிளம்பிய வாயேஜர் 1 தான் மனிதன் செய்ததில் அதிக தூரம் போனது. நம் கணக்கில் அது சென்னையைக் கடந்து நெல்லூர்ப் பக்கம் போயிருக்கிறது. ஆனால் வால் நட்சத்திரங்களின் தொலைதூரக் கிடங்கான ஊர்ட் மேகம் அதற்கும் ரொம்பத் தள்ளி இருக்கிறது, நம் கணக்கில் பல ஆயிரம் கி.மீ.

இந்தப் பிறப்புக் கதைக்கு நம் கரையிலேயே ஒரு தடயம் கிடக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணல். இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட் என்ற கனிமங்களோடு அதில் மோனசைட்டும் உண்டு. மோனசைட்டுக்குள் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் இருக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்குள்ள மணலில் மோனசைட்டை அடையாளம் கண்டார். அந்தக் காலத்தில் மாண்டில் விளக்குக்குத் தோரியம் தேவைப்பட்டது. சூரியனுக்குள் நடப்பது ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும் வேலை. தோரியம் போன்ற கனமான தனிமத்தை அதனால் உண்டாக்க முடியாது. அதற்கு நியூட்ரான் விண்மீன்கள் மோதுவது போன்ற பெரும் விபத்துகள் வேண்டும். அப்படியென்றால் மணவாளக்குறிச்சித் தோரியம் சூரியன் பிறக்கும் முன்பே எங்கோ உண்டாகி, அந்த வாயு மேகத்தில் கலந்து, பூமிக்குள் வந்து, மலைப்பாறைகளில் படிகமாகி, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து, அலையால் கரையில் ஒதுங்கியது. தோரியம் 232 பாதியாகக் குறைய சுமார் 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். ஆகவே பூமி பிறந்தபோது இருந்ததில் ஐந்தில் நாலு பங்கு இன்னும் மீதி இருக்கிறது. அதுவும் யுரேனியமும் மெல்லச் சிதைவதால் வரும் வெப்பம் பூமியின் உள்சூட்டுக்கு ஒரு முக்கியக் காரணம். இந்த மணலை அள்ளுவது பற்றிக் கடலோர ஊர்களில் ஆழமான கவலை உண்டு. அது நியாயமான கவலை, தனியாக விரிவாகப் பேச வேண்டியது.

நிலாவின் கை நம் கடலில் தினமும் தெரிகிறது. கடல் ஏறுவதும் இறங்குவதும் முக்கியமாக அதன் ஈர்ப்பால். சூரியனின் பங்கு அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்ற இறக்கம் கூடும். நீர்மட்டம் தாழ்ந்து பாறைகளுக்குப் படகு விட முடியவில்லை என்று செய்தி வரும்போது நாட்காட்டியைப் பாருங்கள், பெரும்பாலும் அந்த நாட்களை ஒட்டியே இருக்கும். சித்ரா பௌர்ணமியன்று மேற்கே சூரியன் மறைய, கிழக்கே நிலா எழுவதைக் காண இங்கே கூட்டம் வருகிறது. பௌர்ணமி என்றாலே பூமிக்கு ஒரு புறம் சூரியன், மறுபுறம் நிலா என்று பொருள். இரண்டு அடிவானமும் கடலாக இருப்பதுதான் குமரிமுனையின் கொடை. 2010 ஜனவரி 15 அன்று வளையச் சூரிய கிரகணம் நம் மாவட்டத்தின் மேலேயே போனது. நிலா அன்று பூமியிலிருந்து சற்றுத் தள்ளி இருந்ததால் சூரியனை முழுதாக மறைக்க முடியாமல் சுற்றிலும் ஒரு வளையம் மிஞ்சியது.

இந்தக் குடும்பத்துக்குள் இந்தியா எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதையும் நம் படத்தில் வைத்துப் பார்க்கலாம். சந்திரயான் 3, 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்தை நோக்கிய பகுதியில் இறங்கியது. நம் அளவில் அது 11 மீட்டர் பயணம். ஆதித்யா எல்-1 சூரியனை நோக்கி 44 மீட்டர் தள்ளி நின்று அதைக் கவனிக்கிறது. செவ்வாயைச் சுற்றிய மங்கள்யான், இரண்டு கோள்களும் மிக நெருங்கும்போதும் ஒன்றரை கி.மீ.க்கு மேல் இடைவெளி உள்ள ஓர் இலக்கை 2014 செப்டம்பர் 24 அன்று தொட்டது. இவற்றைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் எஞ்சின்கள் நம் எல்லையை ஒட்டிய மகேந்திரகிரியில்தான் சோதிக்கப்படுகின்றன. இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவிலுக்கு அருகே சரக்கல்விளைக்காரர். 2025 ஜனவரியில் அந்தப் பொறுப்புக்கு வந்த வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். சிற்றூர்களில் இருந்து புறப்பட்டவர்கள் இருவரும்.

வானத்தைப் பார்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு பருவமழையும் ஓய்ந்திருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்துக்கும் எந்தக் கருவியும் வேண்டாம். மினுங்காமல் நிலையாக ஒளிர்பவை அவை. நாம் பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே இருப்பதால் அவை செல்லும் பாதை இங்கே உச்சிக்கு அருகிலேயே போகிறது, செவ்வாய், வியாழன், சனி மூன்றுக்கும் அடிவானத்துப் புழுக்கமும் தூசியும் அவ்வளவாகக் குறுக்கே வராது. வியாழனின் நாலு நிலாக்களுக்குச் சாதாரண பைனாகுலர் போதும், கையை எதிலாவது ஊன்றிக்கொள்ள வேண்டும். சனியின் வளையத்துக்கு 30 மடங்கு பெரிதாக்கும் சிறு தொலைநோக்கி வேண்டும். 2025 மார்ச்சில் அந்த வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி நின்றதால் கண்ணுக்கே படவில்லை. இப்போது வருடத்துக்கு வருடம் விரிகிறது, 2032 வாக்கில் முழுச் சாய்வில் தெரியும்.